சனிக்கிழமையில் விழுந்த முப்பத்தொன்று

மதியம் இரண்டரை மணி. வின்கா அடுத்தவர் படகில் ஏறி நிற்கிறாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. படகுக்காரர் வியன்னாவில் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய பாய் ஏற்றும் கயிறு இங்கே காற்றில் ஆடி, அலுமினியப் பாய்மரத்தை டங் டங் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. வின்கா இடுப்புப் பையிலிருந்து ஒரு துணிப்பட்டையை உருவுகிறாள். பழைய பெட்ஷீட்டில் கிழித்தது. கயிற்றைப் பாய்மரத்தை விட்டுத் தள்ளி இழுத்து, பக்கத்துக் கம்பியோடு சேர்த்து ஒரு கட்டு. சத்தம் நின்றது.

"ஊரான் பல்லைப் புடுங்குறான், இவன் படகுல ஒரு பல்லு ஆடிக்கிட்டே கிடக்கு," என்கிறாள் காற்றைப் பார்த்து. அடுத்த படகில் கால் வைக்கிறாள்.

லோவ்ரினா படகுத்துறையில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை தூக்கம். அதற்கு அறிவிப்புப் பலகையும் கிடையாது, அபராதமும் கிடையாது. வின்கா இருக்கிறாள், போதும். ஐம்பத்தேழு வயது, குட்டையான உடம்பு, மரக்கட்டைச் செருப்பு. அந்தச் செருப்பு நடைபாதைப் பலகையில் சத்தமே எழுப்பாது. எப்படி என்று யாருக்கும் தெரியாது. வசந்தத்தில் படகுக்காரர்கள் ஊரிலிருந்து வந்து இறங்கும்போது, பாய்மரத்தில் வெள்ளைப் பட்டை தொங்கினால், குளிர்காலத்தில் வின்கா வந்து போயிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார்கள். சிலர் அவிழ்ப்பதே இல்லை.

ஒரு தடவை ஷிமே மூன்று மணிக்குச் சுத்தியலை எடுத்தான். ஷிமே படகு எஞ்சின் மெக்கானிக். வின்கா வீட்டுக்கு நேர் கீழ்வீட்டுக்காரன். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரு படகின் மேல் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். வின்கா வந்தாள். ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஏய் வின்கா! ஏணியை வைடி! நான் எப்படி இறங்குறது?"

"அஞ்சு மணிக்கு இறங்கு. அதுவரைக்கும் கடலைப் பாரு. டிக்கெட் கிடையாது."

ஐந்து மணி வரை அவன் மேலேயே இருந்தான். ஐந்து அடித்ததும் ஏணியோடு ஒரு தட்டு வறுத்த பொடிமீனும் வந்தது.

வின்காவின் தொழில் சலவை. துறையில் நாற்பத்து மூன்று வாடகைப் படகுகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அத்தனையும் திரும்பி வரும். சனிக்கிழமை காலை ஒரு கூட்டம் இறங்கும், மாலை ஐந்து மணிக்கு அடுத்த கூட்டம் ஏறும். நடுவில் உள்ள அந்தச் சில மணி நேரத்தில்தான் இந்தத் துறையின் ஒரு வாரச் சோறு இருக்கிறது. கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், எஞ்சினைப் பார்க்க வேண்டும், படுக்கைகளை மாற்ற வேண்டும். நாற்பத்து மூன்று படகின் அழுக்கு மூட்டையும் வின்காவின் வாசலில் வந்து விழும். மூட்டையை மோந்தாலே அவளுக்குக் கதை தெரிந்துவிடும். வெயில் களிம்பு வாடை என்றால் நல்ல வாரம். புளித்த வாடை என்றால் தெற்குக் காற்றில் மாட்டி வாந்தி எடுத்திருக்கிறார்கள். சிவப்பு ஒயினும் கண்ணீரும் கலந்திருந்தால், "புருசன் பொண்டாட்டி சண்டை. நடுக்கடல்ல எங்க போறது, பாவம், தலகாணியிலதான் அழணும்."

படகின் மூக்கில் இருக்கும் அறையில் படுக்கை முக்கோணமாக இருக்கும். கடையில் விற்கிற விரிப்பு எதுவும் அதில் அடங்காது. வின்கா ஒரு மூலையைக் கட்டை விரலால் அழுத்தி, இரண்டு மடிப்பு மடித்து, உள்ளே தள்ளுவாள். பன்னிரண்டு விநாடி. அந்த மடிப்பைச் சலவைக்கூடத்தில் தன்னோடு வேலை செய்யும் ஸ்டானாவுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இனி வீட்டு விஷயம்.

பாய் தைக்கும் கொட்டகைக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். பன்னிரண்டு வீடு. துறைக்காரர்கள் அதை அக்டோபர் முதல் மே வரை தங்கள் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஜூன் பிறந்தால் சுற்றுலாக்காரர்களுக்கு, வாரக் கணக்கில். ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: மே முப்பத்தொன்றாம் தேதி காலி செய்ய வேண்டும். குளிர்காலத்தில் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள, சுவரில் பூஞ்சை பிடிக்காமல் அடுப்பு மூட்ட, புயலில் படகுக் கயிறுகளை இறுக்க ஆள் வேண்டும். வெயில் வந்ததும் ஆள் வேண்டாம். இதற்கு வாடகைக்கு விடுவது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காவலுக்கு நாய் வைப்பவன்கூடக் கோடையில் நாயைத் துரத்துவதில்லை.

இந்தக் கரை முழுக்க இப்படித்தான். எல்லாரும் பழகிவிட்டார்கள். ஷிமே கோடை முழுக்க, கரையில் முட்டுக்கொடுத்த யாராவது ஒருவருடைய படகில் படுப்பான். தண்ணீரில் இல்லாத படகில் ஏணி ஏறிப் போய்த் தூங்கும் மாலுமி. ஸ்டானா சலவைக்கூடத்தில், டிரையருக்குப் பின்னால், பெட்ஷீட் மூட்டைகளின் மேல். வின்கா பதினான்கு கிலோமீட்டர் உள்ளே, அக்கா புருஷனின் ஆலிவ் தோட்டத்தில் நின்ற சக்கரம் கழன்ற கேரவனில். மத்தியானம் அதற்குள் ரொட்டியே வெந்துவிடும்.

பதினோரு வருடம் அப்படி. பதினோரு வாழைப்பழ அட்டைப் பெட்டிகள், கை நுழைக்க ஓட்டை உள்ளவை, கட்டிலுக்கு அடியில் எப்போதும் தயார். அவற்றில் மூன்றை அவள் பிரிப்பதே இல்லை. "பிரிச்சா திரும்பக் கட்டணும். கட்டுறதுக்கு பிரிக்காமலே இருந்துட்டா பாதி வேலை மிச்சம்." அந்த மூன்று பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கே மறந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவு: சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. அதனால் மீனவர் சங்கம் கொடுக்கும் காலண்டரை அவள் ரொட்டிப் பெட்டி மேல் சாய்த்து வைப்பாள். ஜன்னலைத் திறந்தால் விழும். எடுத்து வைப்பாள். விழும். பதினோரு வருடம் அது விழுந்துகொண்டே இருந்தது.

பதினொன்றாம் பிரிவுக்குத் தனிக் கதை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டானா வீட்டில் ஒரு காப்பிச் சட்டி காணோம். நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பித்தளைச் சட்டி. துறை மேலாளர் கஷ்பர் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேட்டான். பத்து நாள் கழித்து அது அவன் அலுவலக அலமாரியிலேயே அகப்பட்டது. அவனே எடுத்துப் போயிருக்கிறான். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிரிவு எழுதினான்: காலி செய்யும் நாளில் வாடகைக்காரர் காலை எட்டு மணியிலிருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும். எண்பத்து நான்கு சாமான்களை மேலாளர் ஒவ்வொன்றாக எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடும் வரை நகரக் கூடாது. நகர்ந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு வீடு கிடையாது.

ஸ்டானா அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு காப்பிச் சட்டி வாங்கினாள். வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். அடுப்பில் ஏற்றவில்லை. "யாராவது பார்த்து, இது எங்களோடதான்னு கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

இந்த வருடம் ஜனவரியில் அக்கா புருஷன் தோட்டத்தை விற்றான். கேரவனும் போயிற்று. அயர்லாந்தில் இருக்கும் மகன் போனில் சொன்னான்: "வந்துடும்மா. இங்க ஒரு ரூம் இருக்கு. எத்தனை நாளைக்கு பொட்டி தூக்குவ?"

"அங்க வெயிலே கிடையாதாமே. மத்தியானத் தூக்கம் எப்படிடா வரும்?" என்று சிரித்து வைத்தாள். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை. கோடைக்கு அவளுக்குப் போக்கிடம் இல்லை. போனால் ஒரேயடியாகப் போக வேண்டும். துறையை, பாய்மரங்களை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் மேசையில் புதுக் காலண்டரை விரித்தாள். வருடா வருடம் செய்வதுதான். சிவப்புப் பென்சிலால் சீசனின் எல்லாச் சனிக்கிழமைக்கும் வட்டம். அவள் இடுப்பு ஒடிகிற நாட்கள். பிறகு மே முப்பத்தொன்றுக்கு ஒரு பெருக்கல் குறி. பெட்டி தூக்குகிற நாள். பென்சில் போய் ஒரு வட்டத்துக்குள் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். துடைப்பக் கட்டையை எடுத்துத் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். ஷிமே மேலே ஓடி வந்தான்.

"என்ன, வீடு பத்திக்கிச்சா?"

"இதைப் பாரு."

"பார்த்தேன். முப்பத்தொண்ணு. பொட்டி கட்டணும். வருசா வருசம் கட்டுறதுதானே."

"கிழமையைப் பாரு, குருடா."

ஷிமே பார்த்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அடி ஆத்தே. நம்மளை வெளிய தள்ளுற அன்னிக்கா நாப்பத்திமூணு படகும் நாறிக்கிட்டு நிக்கப் போகுது?"

"யாரு கழுவுறது?"

"நாமதான்."

"நாம அன்னிக்கு எங்க இருக்கணும்? பதினொண்ணாவது பிரிவைப் படி. வாய்விட்டுப் படி."

படித்தான். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மேசையைக் குத்தி, "ஸ்ட்ரைக்!" என்றான்.

"வாயை மூடு. அந்த வார்த்தையைச் சொன்னே, நாளைக்கே வக்கீலோட வருவான். நாம எதையும் நிறுத்தல. அவன் எழுதினதுக்குக் கீழ்ப்படியப் போறோம். எழுத்து தப்பாம."

வேலை ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்தாள். வீடு மாறுகிற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு என்று அதில் இருந்தது. பதினோரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. உரிமை என்பது இப்படித்தான். அலமாரியில் தூசு படிந்து கிடக்கும், யாராவது கை நீட்டி எடுக்கும் வரை.

ஆனால் வின்காவுக்கு ஒரு கறார் உண்டு. முதலில் நேராகக் கேட்க வேண்டும். கேட்காமல் கை வைப்பது களவாணி வேலை. மார்ச் மாதம் அலுவலகத்துக்குப் போனாள். கஷ்பர் சின்ன வயதில் அவள் வீட்டு வாசலில் விளையாடியவன். இப்போது நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை.

"கஷ்பர், பன்னெண்டு வீட்டுக்கும் வருசம் பூரா இருக்கிற மாதிரி ஒப்பந்தம் போடு. எங்களுக்கு அந்தக் கேரவனும் வேணாம், டிரையர் மறைவும் வேணாம்."

"அக்கா, நீங்க என்னைத் தூக்கி வளர்த்தவங்க. ஆனா கோடைன்னா கோடைதான். மேலிடம் ஒத்துக்காது."

"மேலிடத்தைக் கேட்டியா?"

"கேக்கத் தேவையே இல்லக்கா. காகிதத்துல முப்பத்தொண்ணுன்னு இருக்கு. காகிதத்துல இருக்கிறதுதான் நடக்கும்."

"சரி," என்றாள் வின்கா. "நீ சொன்னதை நீயே மறந்துடாதே."

அவன் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்கலாம். படகு வாடகைத் தொழிலில் இருப்பவனுக்குத் தேதி கிடையாது, வாரம்தான். அவன் பின்னால் சுவர் முழுக்க ஒரு பலகை, வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரங்களும் எண் போட்டு. "இருபத்திரண்டாம் வாரம் ஃபுல்," "இருபத்தி மூணுல ரெண்டு படகு காலி," இதுதான் அவன் பேச்சு. மனைவியின் பிறந்த நாளைக்கூட வார எண்ணாகத்தான் ஞாபகம் வைத்திருப்பதாகத் துறையில் கேலி உண்டு. அவனுக்கு முப்பத்தொன்று என்பது வீட்டுக் காகிதத்தில் இருக்கும் ஒரு எண். இருபத்திரண்டு என்பது படகுப் பலகையில் இருக்கும் ஒரு எண். இரண்டும் ஒரே சனிக்கிழமை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

விடுப்புச் சீட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரே நாளில் இரண்டு போகக் கூடாது என்பது வின்காவின் உத்தரவு. ஷிமே எஞ்சின் எண்ணெய்க் கையோடு நீட்டினான். சட்டையில் பட்டுவிடும் என்று கஷ்பர் எட்டி நின்றே கையெழுத்துப் போட்டான். ஒருத்தி கேக் பெட்டி மேல் வைத்து வாங்கினாள். பதினோரு சீட்டு ஆயிற்று. லோவ்ரினாவில் ஒரு காப்பியை ஒன்றரை மணி நேரம் குடிப்பார்கள். அந்த ஒன்றரை மணியில் ஊரில் எதுவும் ரகசியமாக இருக்காது. இது இருந்தது. நான்கு மாதம்.

பன்னிரண்டாவது சீட்டு ஸ்டானாவுடையது. அதை அவள் ஏப்ரனுக்குள் மூன்று வாரம் வைத்திருந்தாள். ஒரு தடவை அது சலவையிலேயே போய்க் கூழாகிவிட்டது.

"நமக்கு எதுக்குக்கா வம்பு? எனக்கு டிரையர் பின்னாடி பழகிப் போச்சு. சூடா இருக்கும், அவ்வளவுதான்."

வின்கா முக்கோண விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பழகிப் போச்சுன்னு சொல்லாதே. வேற வழியில்லாமப் போச்சுன்னு சொல்லு. இந்தா, வேற சீட்டு. நான் எழுதல. நீயே எழுது."

எழுதினாள். கோணல் மாணலாக. மே இருபதாம் தேதி கஷ்பர் படகில் ஏறப் போகும் அவசரத்தில், படகுக் கயிறு கட்டும் இரும்புத்தூணின் தலையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பன்னிரண்டு கதவும் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாற்காலி, நாற்காலியில் வீட்டுக்காரர், மடியில் சாமான் பட்டியல், பக்கத்தில் கட்டிய பெட்டிகள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் உடுப்பில். கீழே துறையில் நாற்பத்து மூன்று படகுகளிலிருந்து ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. சலவைக்கூடத்துக்குப் பூட்டு.

எட்டே முக்காலுக்கு கஷ்பர் மூன்று மாடியும் ஓடி ஏறினான்.

"அக்கா! சாவி எங்க? என்ன எல்லாரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? இன்னிக்கு சனிக்கிழமை!"

"தெரியும். முப்பத்தொண்ணும்கூட. உக்காரு. ஒண்ணாம் நம்பர், சாப்பாட்டுக் கரண்டி, ஆறு. எண்ணு."

கஷ்பர் உட்காரவில்லை. பட்டியலைப் பிடுங்கி, "இந்தாங்க, எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போட்டாச்சு, போங்க!" என்றான்.

"எண்ணாமப் போடாதே. நாளைக்கு ஒண்ணு காணோம்னா யாரைப் பன்னெண்டு பேருக்கு முன்னாடி நிக்க வைப்பே?"

"அக்கா, இது ஸ்ட்ரைக்கு!"

"ஐயையோ," என்று மாடிப்படியிலிருந்து ஷிமேயின் குரல். "யாருப்பா அந்தக் கெட்ட வார்த்தை பேசுறது? நாங்க லீவு. நீ போட்ட கையெழுத்து. இங்க பாரு, என் எண்ணெய்க் கைரேகையும் இருக்கு."

வின்கா எதையும் உரக்கச் சொல்லவில்லை. "காகிதத்துல இருக்கிறதுதான் நடக்கும், கஷ்பர். நீ சொன்னதுதான்."

அவன் கீழே ஓடினான். பத்து மணிக்குள் மாமியாரையும் அலுவலகத்தின் இரண்டு கணக்குப் பிள்ளைகளையும் வாளியோடு இறக்கினான். மாமியார் ஒரு முக்கோணப் படுக்கையோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டி, கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பதினொன்றுக்கு அடுத்த கூட்டம் பெட்டி படுக்கையோடு கரையில் சேர ஆரம்பித்தது. ஒரு செக் நாட்டுக் கூட்டம், பதினாறு பேர், பீர் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். பாட்டு இன்னும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பதினொன்றரைக்கு கஷ்பர் திரும்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வின்காவை விட்டுவிட்டு எதிர் வாசலுக்குத் திரும்பினான்.

"ஸ்டானா, நீ நல்ல பொண்ணு. சாவி உன்கிட்டயும் ஒண்ணு இருக்குல்ல? வா, நீ மட்டும் வந்து மெஷினைப் போடு. நான் பார்த்துக்கிறேன் உன்னை."

மாடிப்படியில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. வின்கா தலையைத் திருப்பவில்லை. இந்த இடத்தில் உதவிக்குப் போனால் அது உதவியல்ல என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டானா எழுந்து நின்றாள். பட்டியலைப் புரட்டினாள்.

"நாப்பத்தியொண்ணாம் நம்பர், சார்," என்றாள். "காப்பிச் சட்டி. ஒண்ணு. எண்ணிட்டுப் போங்க."

கஷ்பரின் முகம் காது வரை சிவந்தது. கீழ் மாடியில் யாரோ ஒருவர் கை தட்டி, உடனே நிறுத்திக்கொண்டார்.

அவன் வின்காவைப் பால்கனிக்குக் கூப்பிட்டான். தணிந்த குரலில் பேசினான். ஆனால் கதவெல்லாம் திறந்து கிடந்த நாள் அது. "அக்கா, உங்களுக்கு வீடு வேணும், அவ்வளவுதானே? உங்களுக்கு மட்டும் வருசம் பூராவுக்கும் எழுதித் தர்றேன். இப்பவே. மத்தவங்களை விடுங்க."

அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அயர்லாந்து வேண்டாம், கேரவன் வேண்டாம், பெட்டி வேண்டாம். கீழே பார்த்தாள். தெற்கிலிருந்து மெல்லக் காற்று கிளம்பி, ஏதோ ஒரு பாய்மரத்தில் ஒரு கயிறு டங் என்றது.

"கீழ ஷிமே இல்லன்னா நான் யாரைடா திட்டுறது?" என்றாள். "பன்னெண்டு. இல்லன்னா, வா, ரெண்டாம் நம்பர் முள்கரண்டி. எண்ணு."

கஷ்பர் போனை எடுத்துத் தலைநகரத்தில் இருக்கும் முதலாளிக்கு அடித்தான். என்ன பேசினான் என்பது பாதிதான் கேட்டது. "ஆமா சார், எல்லாப் படகும். இல்ல சார், சட்டப்படி. இல்ல சார், நான் எழுதினதுதான்." நடுவில் போனைக் கரைப் பக்கம் நீட்டிப் பிடித்தான். செக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு ஒரே குரலில் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டே காலுக்கு அலுவலகத்திலிருந்து முத்திரை வந்தது. பன்னிரண்டு ஒப்பந்தமும் வின்கா ஏப்ரலிலேயே தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தாள். ஒன்றிலும் மே முப்பத்தொன்று இல்லை. ஒவ்வொன்றிலும் பதினான்காம் பிரிவின் மேல் சிவப்புப் பென்சில் கோடு.

"இதை எதுக்கக்கா அடிச்சீங்க?"

"சும்மா. கண்ணை உறுத்துது."

டப், டப், டப். பன்னிரண்டு முத்திரை. ஸ்டானா தன் தாளை ஏப்ரனுக்குள் வைக்கப் போய், இன்று கோயில் உடுப்பு என்று நினைவு வந்து, பட்டியலோடு சேர்த்துக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

வின்கா எழுந்தாள். கோயில் உடுப்பின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். "லீவு முடிஞ்சுது," என்றாள். "இறங்குங்க. நம்ம படகு நாறுது."

ஏழு மணி நேர வேலை. கையில் இருந்தது நான்கே முக்கால் மணி. அன்று லோவ்ரினா பார்த்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பட்டு ரவிக்கையோடு தரை தேய்த்தவள், கழுத்துப்பட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எஞ்சினுக்குள் தலைகீழாகத் தொங்கிய ஷிமே, நடைபாதைப் பலகைகளில் கடகடவென்று ஓடிய தள்ளுவண்டிகள். மதியத் தூக்க நேரம்தான். வின்கா ஒருத்தரையும் அதட்டவில்லை. ஸ்டானா படகுக்குப் படகு தாவி முக்கோணங்களை மடித்துக்கொண்டே போனாள். பத்து விநாடி, வின்காவை விட இரண்டு குறைவு. கஷ்பர் தலையில் இரண்டு மூட்டை, கக்கத்தில் ஒன்று.

"இதை எங்க வைக்கணும்க்கா?"

"ஏழாவது படகு. பார்த்து நட, பலகை வழுக்கும். நீ விழுந்தா கழுவ வேற ஆளு கிடையாது."

ஐந்து அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது கடைசிப் படகின் கடைசித் தலையணை போய் உட்கார்ந்தது. செக்காரர்கள் ஏறும்போது வின்காவின் கையில் ஒரு பீர் திணித்தார்கள். நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஜூன் ஒன்று. பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஜூன் மாத வெயில் வின்காவின் சமையல் மேசையில் விழுந்தது. அட்டைப் பெட்டிகளைக் காலையிலேயே மிதித்துத் தட்டையாக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். பிரிக்காத மூன்றைப் பிரித்தாள். ஒன்றில் குளிர்காலத் திரைச்சீலைகள், ஒன்றில் மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒன்றில் இன்னும் நான்கு வாழைப்பழ அட்டைப் பெட்டிகள், மடித்தபடி.

மதியம் இரண்டே முக்கால். துறை தூங்குகிறது. வின்கா நாற்காலி மேல் ஏறி, ஷிமேயிடம் வாங்கி வந்த சுத்தியலை எடுத்தாள். சுவரில் ஒரு ஆணி வைத்தாள். அடித்தாள்.

கீழ்வீட்டிலிருந்து கர்ஜனை கிளம்பியது. "எவண்டா அது, தூங்குற நேரத்துல?"

இன்னொரு அடி.

"வின்கா, நீயா?"

மூன்றாவது அடி.

பிறகு கீழிருந்து, நிதானமாக: "அடி. நல்லா அடி. ஏணியை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன்."

காலண்டரை மாட்டினாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். காற்று வந்து தாளைப் புரட்டியது, விழவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக். இடைவெளி. டொக். பயந்து பயந்து அடிக்கிற சத்தம்.

வின்கா நடையைக் கடந்து கதவைத் தள்ளினாள். ஸ்டானா முக்காலி மேல் நின்றிருந்தாள், வாயில் ஒரு ஆணி, கையில் கழற்றிய மரக்கட்டைச் செருப்பு. அதன் குதிகாலால்தான் அடித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேல் சுவரில் ஒரு ஆணி பாதி வளைந்து நின்றது. மேசை மேல், செய்தித்தாள் பிரித்துக் கிடக்க, அந்தக் காப்பிச் சட்டி. திடுக்கிட்டுத் திரும்பினாள்.

வின்கா சுத்தியலின் தலையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அவளிடம் நீட்டினாள்.